மாமன் மடி

செல்லத்தாய்க்கு வாய் பெரிது என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்து, பிறகு ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவுக்கு மாறியவள். அங்கே காலையிலிருந்து கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அது கடை வாசலோடு நின்றுவிட்டது.

சங்கம் வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். சங்கம் என்றால் பெண்கள் பயப்படுவார்கள் என்று, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் முதலில் கால்வலியைப் பற்றிப் பேசுவாள். வலியைச் சொன்னவள் பாதி நம்மவள் என்பது அவள் கணக்கு. பயந்தாங்கொள்ளி மருதம்மாளைக்கூட அப்படித்தான் இழுத்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும் எல்லாரும் முதலாளி முன்னால் போய் நிற்பது, செல்லத்தாய் பேசுவது என்று முடிவானது.

அதற்குள் அவள் மகள் ஆஷாவுக்குக் காதுகுத்து வந்தது. செல்லத்தாய்க்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மாமன் மடி இல்லாமல் ஒரு காதுகுத்தா என்று மாமியார் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள். எப்படியோ கேள்விப்பட்ட முதலாளி வெள்ளியங்கிரி, "நான் இருக்கறனில்ல தங்கச்சி" என்றார். சீர்த்தட்டோடு வந்து, சம்மணமிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். செல்லத்தாய் அழுதே விட்டாள். சங்கப் பேச்சு அவர் காதுக்குப் போயிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரிதான், என்ன செய்ய?

பேசிவைத்தபடி எல்லாரும் போய் நின்றார்கள். வெள்ளியங்கிரி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏந் தங்கச்சி, நீயுமா?"

"இல்லண்ணே. நான் சும்மா கூட வந்தேன்."

பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பயந்தாங்கொள்ளி மருதம்மாள்தான் வாயைத் திறந்தாள்: "உக்கார ஸ்டூல் போடோணுங்க."

மறுநாளே மருதம்மாளுக்கு வேலை போனது. செல்லத்தாயின் பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்டூல் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அதில் ஒரு நாளும் உட்காரவில்லை.

மருதம்மாள் சும்மா இருக்கவில்லை. மற்றக் கடைப் பெண்களையும் சேர்த்துச் சங்கத்தைப் பதிவே செய்துவிட்டாள். செல்லத்தாய் நல்லூரில் அவள் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, எம் பேரையும் சேத்துக்கங்க."

மருதம்மாள் கையை உதறவில்லை. காபி கொடுத்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: "மொதலாளி சொந்தக்காரங்களச் சேக்கறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்கறமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு உங்க கொழந்தைக்குத் தாய்மாமனில்லீங்களா."