களியும் கட்டைவிரலும்

சர்க்கரை நோய்க்காரரைப் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால், முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். பழம் வாங்கி வருகிறார்களா, வரட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். யோசனை வாங்கி வருகிறார்களே, அதை யாருக்குக் கொடுப்பது?

என் நைனாவுக்கு, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காவாந்தண்டலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கழனி உண்டு. அவர் நெல் போடுகிறவர். நான் உத்திரமேரூரில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். போகிற ஒவ்வொரு வாரமும் நைனாவிடம் புதிதாக ஒரு வைத்தியம் முளைத்திருக்கும். ஒரு வாரம் ஆவாரம்பூ கஷாயம். ஒரு வாரம் வெண்டைக்காயைக் கீறிப் போட்டு ஊறவைத்த தண்ணீர். ஒரு வாரம் போனபோது கூடத்தில் ஒரு அன்னக்கூடையை வைத்து, அதில் நறுக்கிய பாகற்காயைக் கொட்டி, அதன்மேல் நைனா நின்றுகொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். காலால் மிதித்தால் கசப்பு நாக்குக்கு ஏற வேண்டுமாம். ஏறியதும் நிறுத்திவிட வேண்டுமாம். சித்தப்பா செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்.

"நாக்குக்கு வந்துச்சா நைனா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல. முட்டி தான் வலிக்குது," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கூடையைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினேன். ஒரு வேளைக் குழம்புக்கு ஆகிற காய். சித்தப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் முதலில் உங்கள் வீட்டில் மிதித்துக் காட்டுங்கள் என்று சொன்னேன். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. இல்லாதவர்கள்தான் இந்த ஊரில் வைத்தியம் சொல்கிறார்கள். இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சில கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு, சொல்லிவிடுகிறேன். இங்கே சாப்பாடு என்றால் சோறு. குழம்பும் பொரியலும் அந்தச் சோற்றை உள்ளே தள்ளுவதற்கான ஏற்பாடு. நிறையச் சாப்பிடுகிறவன் ஆரோக்கியசாலி, கொஞ்சமாகச் சாப்பிடுகிறவன் சீக்காளி. ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பினால், அந்த வீட்டில் நமக்கு ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். மாத்திரை போடுகிறவர்களும் இதற்கு விலக்கில்லை. "மாத்திர தான் போட்டுக்கினு கீறியே, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று நைனாவின் தட்டில் என் கண்ணெதிரே போட்டவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை போடுவது கூடுதலாக ஒரு கரண்டி சாப்பிடுவதற்கான அனுமதிச் சீட்டு என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தது. அறுத்த கழனியில் நைனா வெறுங்காலோடு நடந்திருக்கிறார். செருப்புப் போட்டுக்கொண்டு கழனியில் இறங்கக் கூடாது என்பது அவருடைய வழக்கம். அதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நெல் அறுத்த கட்டைத் தாள் இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் குத்திக் கிழித்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. கால் மரத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. வீட்டுத் தரையில் ரத்தச் சுவடு இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள். மஞ்சளைக் குழைத்துப் போட்டு ஒரு வாரம் என்னிடம் சொல்லாமல் மறைத்தார்கள். நான் கத்துவேனாம். பாதம் வீங்கி விரல் கறுத்த பிறகுதான் போன் வந்தது. கத்தத்தான் செய்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் புண்ணைச் சுத்தம் செய்து, மருந்தை மாற்றி எழுதிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். மூன்று வாரம் பார்க்கலாம். சர்க்கரை இறங்கினால் புண் ஆறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. இறங்கவில்லை என்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான், விட்டுவைத்தால் மேலே ஏறும்.

 வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு நைனா, "சுண்டு வெரலா இருந்தாலும் பரவால்ல. கட்ட வெரல ஊனித் தானம்மா வரப்புல நிக்கணும்," என்றார். ஈர வரப்பில் அவர் நடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். விரலை மண்ணில் அழுத்தி அழுத்தி வைப்பார்.  அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"இன்னாம்மா துன்றது நானு?" என்று கேட்டார்.

"சோத்த மொதல்ல நிறுத்து நைனா. சக்கர, கெழங்கு, வாழப்பயம், எதையும் தொடாத. கேவுரு துன்னு, அது தான் ஒனக்கு மருந்து. யாரு இன்னா சொன்னாலும் கேக்காத, நான் சொல்றத மட்டும் கேளு."

வகுப்பில் பேசுகிற குரல் அது. நைனா தலையை ஆட்டினார். கேவுரு என்றால் கேழ்வரகு. அதில் நார் உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு, சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பாடத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் முடிந்து ரத்தம் பார்த்தோம். இறங்கவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியேதான். புண் ஓரத்தில் ஆறுவது போல இருக்கும், நடுவில் ஈரமாகவே இருக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. யாரோ நைனாவுக்கு ஒளித்துக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

முதல் சந்தேகம் டீக்கடை மேல். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போய்க் கடைக்காரரைக் கேட்டேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "சக்கர இல்லாத டீ டீச்சர். போண்டாவ ஒருத்தர் வாங்கி நீட்னாரு, ஒங்க நைனா மூஞ்சத் திருப்பிக்கினாரு. பேப்பரப் படிச்சிட்டுப் போய்க்கினே கீறாரு," என்றார். நம்பவில்லை. அடுத்து அம்மா. அடுக்களையில் நுழைந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். வெல்லத்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வைத்தேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்குடி என்னத் திருடி மாரி பாக்கற? அந்த மனுசன் சோறு துன்னு பதினஞ்சு நாள் ஆவுது. நீ சொன்னத தவுத்து ஒரு வாய் உள்ள போவல," என்றாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் நின்று பார்க்கவில்லை, வண்டியை எடுத்துவிட்டேன்.

அந்த வாரமே மாகறலில் ஒரு கல்யாணம். நைனா ஒரு செருப்பும் ஒரு கட்டுமாக நொண்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்து இலையில் காவல் உட்கார்ந்தேன். பாயசம் வந்தது, கையை நீட்டி இலையை மறைத்தார். சோற்று வாளி வந்தது, மறுபடியும் மறைத்தார். "ஒரு நாளு துன்னா ஒண்ணும் ஆவாது மாமா" என்று பரிமாறுகிறவன் குனிந்து குனிந்து சொல்லிப் பார்த்தான். பொரியலையும் மோரையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்கோ பெருமை தாங்கவில்லை. "வூட்டுக்குப் போயி துன்னுக்கறேன்" என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதையும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான், மறைப்பானேன்.

நைனா தரையில் காலை நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் களி. ஒரு உருண்டை பாதி தீர்ந்திருந்தது. முழுசாக இரண்டு மிச்சம் இருந்தன. என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாலும் அதில் ஒன்று அடங்காது. கீரைக் குழம்பில் ஒரு துண்டைப் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி விழுங்கினார். தண்ணீரைக் குடித்தார். மறுபடி ஒரு துண்டு. நைனாவுக்குக் களி பிடிக்காது. சின்ன வயதில் வேறு வழியில்லாமல் தின்றது போதும் என்று சொல்லிச் சொல்லியே நெல் போட்ட மனிதர் அவர். சோற்றை ரசித்துச் சாப்பிடுகிறவர் அந்தக் களியை விழுங்கிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், ஏதோ தண்டனையை முடித்துக் கொடுக்கிறவர் போல இருந்தது.

"இன்னா நைனா இது, மூணு உருண்ட?"

"மூணு முடியல. தெனம் ரெண்டரையில நிக்குது. காலைல கூயி ரெண்டு சொம்பு குடிச்சேன், அது வேற வயித்துல கீது."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். காலையில் கூழ், மத்தியானம் களி, சாயந்திரம் கேழ்வரகு அடை, ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி என்று ஒப்பித்தாள். களி கிளறும்போது நொய் எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டேன். நொய் என்றால் உடைந்த அரிசிதான்.

"ரெண்டு ஆழாக்கு. நொய்யி போடாம களி எப்டிடி கெளர்றது?"

"அது அரிசிம்மா!"

"நொய்யி எப்டி அரிசி ஆவும்? சோறு தான் ஆக்கக் கூடாதுன்ன. களிக்குள்ள போட்டா அது களி."

 எங்கள் ஊரில் நூறு வீட்டில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும். சோறு என்றால் அரிசி, களி என்றால் கேழ்வரகு. உள்ளே இருக்கிற நொய்க்குத் தனியாகப் பேர் கிடையாது. அது மட்டுமில்லை, கேழ்வரகும் மாவுதான், மலை மாதிரி தின்றால் அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். இது எனக்குத் தெரியும். தெரிந்த எனக்கு, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

"யாரு ஒன்ன இவ்ளோ துன்னச் சொன்னது?" என்று கத்தினேன். வழக்கம்போலச் சித்தப்பாவின் பேரோ, டீக்கடையில் யாரோ ஒருவர் பேரோ வரும், போய்ச் சண்டை போடலாம் என்று வாசலைப் பார்க்கக்கூடத் திரும்பிவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நீ தானம்மா மருந்துன்ன," என்றார் நைனா. "நெறயா துன்னா சீக்கிரம் ஆறும்னு பாத்தேன். டாக்டரு மூணு வாரம் தான குடுத்துக்கீறாரு."

மிச்சமிருந்த களியை நான் எடுத்துவிட்டேன். அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினோம், ஒரு உருண்டையில் பாதி, காய் நிறைய, முட்டை என்று. நாலைந்து நாளில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. ஆனால் மூன்று வாரம் முடிந்துபோயிற்று. விரல் எலும்புக்குள்ளேயே சீழ் போய்விட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

நான் டாக்டரிடம் களி விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பத்து வருடச் சர்க்கரை, மரத்துப்போன கால், ஒரு வாரம் தாமதம், களியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சரியாகச் சாப்பிட்டிருந்தாலும் விரல் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். கேட்டுக்கொண்டேன். அது உண்மையாகவே இருக்கட்டும். யோசனை சொல்கிறவர்களை இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அவர்கள் சொன்னது எதையும் நைனா இரண்டு நாளுக்கு மேல் செய்ததில்லை. என் பேச்சை மட்டும்தான் ஒரு வேளை தவறாமல், வயிறு வெடிக்க வெடிக்கக் கேட்டிருக்கிறார். சித்தப்பாவின் பாகற்காயால் ஒரு நாள் முட்டி வலித்தது, அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், அம்மா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக் கரண்டியை என் கையில் கொடுத்தாள். "நீயே போட்டுக் குடு, நான் போட மாட்டேன்," என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுத் தாளை எடுத்து மறுபடியும் ஒருமுறை படித்தேன். அதில் எழுதியிருந்தபடி சோறு போட்டேன். இரண்டு மடங்கு அவரைக்காய்ப் பொரியல் வைத்தேன். தட்டில் சோறு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நைனா தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ போதுமா, இல்ல இதுவே ஜாஸ்தியா?"

"அந்தத் தாள்ல இப்டித் தான் போட்டுக்கீது நைனா."

"தாளு கெடக்குது. நீ சொல்லும்மா. நீ சொன்னா சரியாத் தான் இருக்கும்."

கேலியாகச் சொல்லவில்லை, அவருக்குக் கேலி வராது. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, சோற்றில் கை வைக்காமல், நான் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தார்.