லவோனின் ஐஸ்கிரீம் வாளி

எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். அங்கே ஓர் அரவை மிஷின் தொங்கும். தட்டில் மிஞ்சியதை ஓட்டைக்குள் தள்ளி, தண்ணீரைத் திறந்து, சுவிட்சைத் தட்டினால் எல்லாவற்றையும் கூழாக்கிக் குழாயோடு அனுப்பிவிடும். அதை மாட்டியது யார் என்று கேட்டால், பாதி வீடுகளில் மெர்ல் ஸ்கோகன் என்பார்கள். அது நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஒரு பழைய வேனையும் ஒரு குழாய்க் குறட்டையும் வைத்துத் தொடங்கி, நான்கு வேன் ஓடும் கடையாக்கி, இப்போது தொழிலை மருமகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் இறுக்கிய இணைப்பு ஒழுகியது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட என் வீட்டில் மட்டும் அந்த மிஷின் கிடையாது. என் மனைவி லவோன் விடவில்லை. காபிக் கடையில் என் நண்பன் டுவேன் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். “ஊருக்கெல்லாம் மாட்டினியே, சொந்த வீட்டுக்கு மாட்ட மட்டும் மேலிடத்து உத்தரவு கெடைக்கல போல.”

கிடைக்கவில்லைதான். இது லவோனைப் பற்றிய கதை. என்னைப் பற்றியும் ஆங்காங்கே வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

லவோன் இங்கிருந்து வடக்கே, மேட்டுநிலத்துப் பால்பண்ணையில் பிறந்தவள். பெண் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரே படுக்கையறை. மாடு கறந்துவிட்டுத்தான் பள்ளி பஸ் ஏறுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கடை போனையும் அவள்தான் எடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவதால், எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

நான் தொழிலில் காலூன்றியது அவளால். இதை நான் எங்கேயும் சொல்வேன், டுவேன் முன்னாலும் சொல்வேன். பிளம்பர் உரிமத்துக்குப் பரீட்சை எழுத வேண்டும். விதிப் புத்தகம் செங்கல் கனம் இருக்கும். குழாயைக் கையில் கொடுத்தால் எனக்கு எல்லாம் தெரியும், தாளில் பார்த்தால் எழுத்துகள் எறும்புபோல ஓடும். சாப்பாடு முடிந்ததும் லவோன் அந்தப் புத்தகத்தைச் சிங்க்குக்கு மேலே ஜன்னல் கட்டையில் சாய்த்து வைப்பாள். பாத்திரம் கழுவிக்கொண்டே படிப்பாள். நான் பக்கத்தில் நின்று துடைப்பேன். பக்கம் புரட்டுவதும் என் வேலை, அவள் கை சோப்பாக இருக்கும். கழிவுக்குழாய் எவ்வளவு சரிவில் இறங்க வேண்டும், காற்றுக்குழாய் கூரைக்கு மேலே எவ்வளவு நீள வேண்டும், எல்லாம் அவள் குரலில்தான் என் மண்டைக்குள் ஏறியது. ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தாள். நான் தேறினேன். நல்ல மதிப்பெண், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். லவோனைக் கேட்டபோது மட்டும், “பாஸ் பண்ணாரு” என்று முடித்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிங்க் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் வாளி இருக்கும். எங்கள் பக்கம் ஐஸ்கிரீம் தீர்ந்தால் வாளியை யாரும் எறியமாட்டார்கள். உருளைத் தோல், முட்டை ஓடு, காபிச் சக்கை எல்லாம் அதற்குள் போகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் உரக்குழிக்குப் போவாள். மழையோ பனியோ, போவது நின்றதில்லை. கொட்டிவிட்டு உடனே வரமாட்டாள். குழியைக் கிளறுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

போன பிப்ரவரியில் அந்தப் பாதையில் வழுக்கி விழுந்தாள். பகலில் உருகிய பனி சாயங்காலம் கண்ணாடியாக உறைந்திருந்தது. மணிக்கட்டு முறிந்து, அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் காலி வாளியோடு தானாகவே நடந்து வந்தாள். வாசலில் நின்று, “மெர்ல், காரை எடு” என்றாள்.

எங்கள் மகள் ரெனே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சிங்க்கில் மிஷின் மாட்ட வேண்டும், இனி அம்மா வாளியோடு பனியில் கால் வைக்கக் கூடாது. முடியாதென்றால் வீட்டை விற்றுவிட்டு டவுனில் முதியவர்களுக்கான அடுக்குமாடிக்குப் போக வேண்டும். இரண்டில் ஒன்றை அடுத்த பனிக்குள் முடிவு செய்யுங்கள் என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வீட்டை எப்படி விடுவது? அஸ்திவாரத்திலிருந்து நான் கட்டிய வீடு. அதனால் மறுநாளே இருப்பதிலேயே நல்ல மிஷினாகப் பார்த்து வாங்கி வந்தேன். எலும்பைப் போட்டாலும் அரைக்கும், சத்தம் பூனை உறுமுகிற அளவுதான். மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும். லவோன் பெட்டியைப் பார்த்தாள், அதன்மேல் மடித்த துணிகளை வைத்தாள், போய்விட்டாள்.

வசந்தம் போனது, கோடையும் போனது. பெட்டி பெட்டியாகவே இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்வாள். சத்தம் போடும் என்றாள். போடாது என்று விளக்கினேன். ஸ்பூன் விழும் என்றாள். விழுந்தால் எடுக்க நான் இருக்கிறேனே என்றேன். செப்டிக் டேங்க் தாங்காது என்றாள். அந்த டேங்கைப் புதைத்தவனே நான், எங்கள் இரண்டு பேருக்கு அது ஏரி. அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பதில் சொல்லி முடித்ததும் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாள் வந்தது. பிளம்பர்களுக்கு அதற்கு மறுநாள்தான் திருவிழா. ஊர் முழுக்க மூட்டை உருளைக்கிழங்கைத் தோலுரித்து, தோலை மொத்தமாக மிஷினுக்குள் தள்ளுவார்கள். அது குழாய்க்குள் பசையாகி அடைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் சொல்கிறோம், வருஷா வருஷம் தள்ளுகிறார்கள். எங்கள் வீட்டில் லவோனின் வாளி தோலால் நிறைந்து, இரண்டாவது வாளியும் நிறைந்தது. ரெனே அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, வர்ற வாரம் பனின்னு ரேடியோவுல சொல்லியிருக்கான். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்” என்றாள்.

வான்கோழியை வெட்டிப் பரிமாறுமுன், மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்வது வழக்கம். மருமகன் வேலைக்கு நன்றி என்றான். ரெனே, அம்மாவின் கை எலும்பு கூடியதற்கு நன்றி என்றாள். நான் என் உடல்நலத்தில் தொடங்கி, கட்டிய தொழில், போட்ட குழாய், புதைத்த டேங்க் என்று போய்க்கொண்டிருந்தேன். கிரேவி ஆறுகிறது என்று மருமகன் நினைவூட்டினான். அடுத்து லவோனின் முறை. வழக்கமாக ‘எல்லாத்துக்கும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அன்று கொஞ்ச நேரம் முள்கரண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுக்கு நன்றி சொல்லணும்” என்றாள். “ஒண்ணு உங்கப்பா. காலையில வாயத் தெறந்தா தூங்குற வரைக்கும் மூடமாட்டார். அதனால இந்த வீட்ல நான் ஒரு நாள்கூடத் தனியா இருந்ததில்ல. இன்னொண்ணு அந்த வாளி. அதே காரணத்துக்காக.”

மருமகன் கைத்துணியால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினான். நான் அவனைப் பார்க்கவில்லை.

“சின்ன வயசுல அஞ்சு பேருக்கு ஒரு ரூம்” என்று தொடர்ந்தாள். “அப்புறம் ஸ்கூல்ல நானூறு பிள்ளைங்க. அப்புறம் கடை போன். குழிகிட்ட போனா யாரும் என்னக் கூப்பிடமாட்டாங்க. கொட்டிட்டு நிப்பேன், வானத்தப் பாப்பேன், அவ்வளவுதான். மிஷின மாட்டுங்க, வேணாங்கல. மாட்டினப்புறம் எதுக்கு வெளிய போறேன்னு நான் சொல்லுறது?”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குச் சும்மா இருக்க வராது. காரணமில்லாமல் முற்றத்தில் நின்றால் உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டுக்காரன் வந்துவிடுவான். கையில் ஒரு வாளி இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அவளும் இந்தப் பக்கத்துக்காரிதான், கூச்சம்தான். இத்தனை மாதம் சத்தம், ஸ்பூன், டேங்க் என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

“அம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றாள் ரெனே. அவள் குரல் நர்ஸின் குரலாக இல்லை.

“யாரு கேட்டீங்க? மிஷின் வேணுமா வேணாமான்னுதானே கேட்டீங்க” என்றாள் லவோன். “கெழங்க இந்தப் பக்கம் தள்ளு.”

நான் அன்று சாப்பாடு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அதை ரெனே இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மருமகனின் போன் ஓயவில்லை, அடைத்த சிங்க்குகளுக்கு ஓடிக்கொண்டிருந்தான். நான் கொட்டகையைத் திறந்தேன். இத்தனை வருஷ வேலையில் மிஞ்சிய ஜி.ஐ. குழாய்கள் அங்கே அடுக்கியிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று டுவேன் கேட்டுக்கொண்டே இருப்பான். பின்வாசல் படியிலிருந்து உரக்குழிவரை ஒரு கைப்பிடிக் கம்பி. மண் உறைய ஆரம்பித்திருந்தது. கடப்பாரையால் மேல்மண்ணை உடைத்து, குழி தோண்டி, கம்பியின் கால்களைக் காங்கிரீட்டில் நிறுத்தினேன். இடுப்பு வலியைப் பற்றிக் கேட்காதீர்கள். கழிவுக்குழாய்க்குச் சரிவு பார்க்கிற மாதிரியே அவள் கை உயரத்துக்குச் சரிவு பார்த்து இறக்கினேன். வெறும் இரும்பைக் குளிரில் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும். அதனால் குழாய் உறையாமலிருக்கப் போர்த்தும் நுரை உறையை முழு நீளத்துக்கும் மாட்டினேன். படியில் ஒரு விளக்கு, பாதையில் சொரசொரப்பான கல். இப்படியொரு கம்பி இந்த மாவட்டத்தில் வேறெங்கும் கிடையாது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரெனே வந்தாள். கம்பியைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினாள், உலுக்கினாள். அசையவில்லை. அசையாது என்று நான் முன்பே சொன்னேன். அம்மா பூட்ஸில் வழுக்காமலிருக்கப் பனி முள்ளும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். டவுன் வீட்டுப் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவில்லை. பிரிக்காத பெட்டியை மருமகன் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். இப்போது யார் வீட்டிலோ அரைத்துக்கொண்டிருக்கும்.

லவோன் கம்பியைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் குழிவரை போய்த் திரும்பி வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே, “சரிவு சரியா இருக்கு” என்றாள். எனக்கு விதிப் புத்தகத்தைப் படித்துக்காட்டியவள் சொல்கிறாள். உரிமம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை.

இப்போது பனி முழங்கால் அளவு கிடக்கிறது. சாப்பாடு முடிந்ததும் அவள் வாளியை எடுக்கிறாள். நான் சிங்க் முன்னால் நின்று மிச்சப் பாத்திரங்களைத் துடைக்கிறேன். ஜன்னலில் அவள் கோட்டும், கம்பிமேல் அவள் கையும் தெரியும். குழியருகே போய் நின்று தலையை நிமிர்த்துகிறாள். அவளிடம் சொல்ல எனக்கு ஆயிரம் விஷயம் இருக்கும். ஜன்னலைத் தட்டுவதில்லை. இத்தனை காலம் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இந்த வீட்டை விட்டுப் போகாமல் இருக்கிறாள், அதற்கு நன்றி என்று துடைத்ததையே மறுபடி துடைக்கிறேன்.

பிறகு படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம். கதவு திறக்கும், குளிர் உள்ளே வரும். காலி வாளியைச் சிங்க் ஓரத்தில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

“சரி, எங்க விட்டே? சொல்லு” என்பாள்.

நான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்.