வலைப்பூக்களுக்குப் பேர் போட்ட கதை

மலைநாட்டு ஆட்கள் தமிழில் எழுதும் வலைப்பூக்கள் மொத்தம் நாற்பத்துமூன்று. முதல் தடவை எண்ணியபோது நாற்பத்தொன்று வந்தது. இரண்டாம் தடவை நாற்பத்துநான்கு. மூன்றாம் தடவை, வெவ்வேறு பெயரில் இருந்த இரண்டு வலைப்பூக்களில் ஒரே ஜன்னலில் ஒரே பூனை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எழுதுகிறவர் ஒருவர்தான் என்று முடிவு செய்து ஒன்றைக் கழித்தேன். நான்காம் தடவையும் நாற்பத்துமூன்றே வந்ததால் அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இந்த வேலையை என் தலையில் கட்டியவர் எங்கள் வாசகர் வட்டத்துச் செயலாளர். பதுளை பஜாரில் புத்தகக் கடை வைத்திருக்கிறார்.

“ஐயா, நம்ம ஆளுங்க எழுதுற புளொக் எல்லாத்தையும் ஒருக்கா வாசிச்சு, வகை பிரிச்சு, ஒவ்வொண்ணப் பத்தியும் நாலு வரி எழுதித் தாங்க. நல்லதாப் பொறுக்கி ஒரு புத்தகம் போட்டுருவோம்” என்றார்.

“அதுக்கு நான் எதுக்கு?”

“உங்களுக்குத்தான் நேரம் இருக்கு. அதோட நீங்க எதையும் எண்ணாம விட மாட்டீங்க.”

பாராட்டா கேலியா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அதைக் கேட்டதும், “கண்ணு ஒப்பரேஷன் பண்ணி நாலு மாசம் ஆகல. போனைப் பாத்துக்கிட்டே இருந்தா அந்தக் கண்ணும் போயிரும், பாருங்க” என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆகவே காலையில் தேத்தண்ணி குடித்த பிறகு ஒரு மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். முதல் வாரத்திலேயே அரை மணித்தியாலம் முக்கால் ஆகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பன்னிரண்டு வலைப்பூக்கள் பனிமூட்டத்தில் தொடங்கின. இவர்கள் எல்லாரும் கொழும்பிலோ கட்டாரிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். எதை எழுத வந்தாலும் முதலில் பனியை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒருவர் தன் கார் பழுதானதைப் பற்றி எழுதினார். அதிலும் இரண்டாம் பந்தியில் அப்புத்தளை ஸ்டேஷனில் பனி இறங்கிவிட்டது. எட்டு வலைப்பூக்கள் ஆசிரியர்களுடையவை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளைப் போட்டுவிட்டு, அதன் அடியில், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுபோல, அன்றைக்கு வகுப்பில் நடந்ததை ஆறேழு வரியில் எழுதிவிடுவார்கள். வினாத்தாளை விட்டுவிட்டு அடியைத் தேடிப் போகப் பழகிக்கொண்டேன்.

சமையல் ஐந்து. அதில் பண்டாரவளை அம்மா ஒருவர் லீக்ஸ் கீரையையும் தன் மாமியாரையும் சேர்த்தே கிண்டுவார். ஆனால் எப்போதும் “உப்புத் தேவையான அளவு” என்பார். எத்தனை தேக்கரண்டி என்று மூன்று முறை கேட்டு எழுதினேன். பதில் இல்லை. ரயில் படக்காரர்கள் நான்கு. ஒரே ரயில், ஒரே பாலம், அதே வளைவு. அடுத்தது, மன்னிப்புக்காரர்கள் ஒன்பது பேர். “மன்னிக்கவும், நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை, இனி அடிக்கடி எழுதுவேன்” என்பதுதான் ஒன்பது பேருடைய கடைசிப் பதிவும். அதற்குப் பிறகு ஒருவரையும் காணவில்லை.

மிச்சம் ஐந்து எந்த வகையிலும் அடங்கவில்லை. அவற்றில் ஒன்று “ஏழாம் நம்பர் மலை”. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் பெண் எழுதுவது. ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் முதலில் வாசித்தது இது:

“நேற்று ஓர் அட்டை என் காலைப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது.
கூப்பிடாமல் வந்த விருந்தாளி.
உப்புப் போட்டு வழியனுப்பினேன்.
பாவம், அது குடித்ததும் காலையில் நான் குடித்த சாயத்தண்ணிதான்.”

நான் சிரித்த சத்தத்துக்கு மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்னொரு நாள் இப்படி எழுதியிருந்தார்: “புதுத் தராசில் முள் இல்லை. எண் மட்டும் எரிகிறது. முன்பு முள் ஆடும்போது எங்கள் தலையும் கூட ஆடும். இப்போது எல்லாரும் பொம்மைபோல நிற்கிறோம். கணக்கப்பிள்ளைக்குத்தான் பொழுது போகவில்லை.” ஐந்து வரி. அதற்குப் பிறகு எந்த நாள் காலையிலும் நான் முதலில் திறப்பது ஏழாம் நம்பர் மலைதான்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். ஆட்களின் வேலை நாளைப் பதியும் செக்ரோல் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வோம். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் ‘அரைப் பேர்’ போட்டுவிடுவோம். மழை பெய்தது, கொழுந்து இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என்ன சொன்னாலும் புத்தகத்தில் அரை அரைதான். வலைப்பூக்களுக்குப் புள்ளி போட வேண்டி வந்தபோது, நம்முடைய ஆட்களுக்கு நம்முடைய முறையே இருக்கட்டும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பதிவு பதினைந்து வரி இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அப்போது அது நல்ல பகிடியாகவும் தெரிந்தது.

ஏழாம் நம்பர் மலைக்கு நான் எழுதிய குறிப்பு இது: “நடை நன்று. பார்வை மிக நன்று. நகைச்சுவை தனி. ஆனால் இவருடைய மிக நீண்ட பதிவே பத்து வரிதான். ஆகவே அரைப் பேர்.”

அச்சுக்கு முன் எல்லாரும் பார்க்கட்டும் என்று செயலாளர் குறிப்புகளை வட்டத்தின் இணையப் பக்கத்தில் போட்டார். மறுநாள் அதன் கீழே அந்தப் பெண்ணின் பதில் வந்தது.

“கிளாக்கரய்யாவுக்கு வணக்கம். மலையில பதினெட்டு வருஷமா கொழுந்து எடுக்கிறேன். அங்கதான் அரைப் பேர் போடுறாங்கன்னா, போனுக்குள்ளயும் வந்து போட்டுட்டீங்க. கையில இருந்த ஒரே ஒரு செக்ரோல் இல்லாத வேலை இதுதான். இனி எழுதல.”

அதன் கீழே நாற்பது ஐம்பது பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “ஐயா பென்ஷன் எடுத்தும் பேனாவ விடல” என்று ஒருவர். “கண்ணு ஒப்பரேஷன் பண்ணது தப்பு” என்று இன்னொருவர். அவர் என் சொந்த மைத்துனர். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. மறுநாள் காலையில் ஏழாம் நம்பர் மலையைத் திறந்தேன். புதிது இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் எண்ணினேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டார், நிறுத்தியவன் நான். தேத்தண்ணி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனைவி பத்தாம் நாள் சொன்னாள்:

“சும்மா போனைத் தடவிக்கிட்டு இருக்காதீங்க. போயிக் கேளுங்க.”

“என்னன்னு கேக்குறது?”

“மன்னிப்புதான். அந்த ஒம்பது பேரு மாதிரி எழுதிட்டு ஓடிறாம, நேர்ல போயி.”

செயலாளர் வழியாகச் செய்தி அனுப்பினேன். “ஞாயித்துக்கிழமை லுணுகலை டவுனுக்குச் சாமான் வாங்க வருவோம். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு வரட்டும்” என்று பதில் வந்தது. ‘வருவேன்’ அல்ல, ‘வருவோம்’. எத்தனை பேர் என்று சொல்லாதது என்னைத் தூங்கவிடவில்லை.

குடை, குளிசை, தண்ணீர்ப் போத்தல், கொப்பி, நான்கு விஷயம் எழுதிய ஒரு தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பசறை தாண்டும்வரை வளைவுகளை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. வேறொன்றைப் பழக வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரையும் நான் ‘நீங்க’ என்று சொன்னதில்லை. எல்லாரும் ‘நீ’, ‘வா’, ‘போ’தான். அன்று வாய் தவறி ‘நீ’ வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. “நீங்க, நீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

நான்கு பேர் வந்திருந்தார்கள். எழுதுகிறவர் நாற்பது வயதுக்காரர். மெலிந்த, உயரமானவர். மற்ற மூவரும் அவருடைய கேங்கில் கொழுந்து எடுப்பவர்கள். பேச்செல்லாம் அவர்களுடையது.

“இவருதானா? எழுத்தப் பாத்தா பெரிய ஆளா இருந்துச்சு” என்றார் சிவப்புக் குடை வைத்திருந்த பெண்.

“ஒக்காருங்கய்யா. காலையில பெரட்டுக்கு ஆள் கணக்குக் குடுக்க வந்த மாதிரி நிக்காதீங்க” என்றார் வயதில் மூத்தவர்.

உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். “முதலாவது விஷயம், நீங்க...” என்று தொடங்கினேன். எழுதுகிறவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“வரிய எண்ணுனீங்களே ஐயா. எதுக்கு அத்தன வரின்னு ஒருக்கா கேட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“நிறுக்கிற எடத்துல வரிசையில நிக்கிறப்பதான் எழுதுறேன். மத்த நேரம் கையில கொழுந்து, வீட்டுக்குப் போனா கையில கரண்டி. எனக்கு முன்னால எத்தன பேரு நிக்கிறாங்களோ அத்தன வரி. ஒருத்தி நிறுத்துட்டு நகந்தா ஒரு வரிய முடிச்சிருவேன். என் முறை வந்தா போன் இடுப்புக்குள்ள போயிரும். அவ்வளவுதான்.”

“நல்லா எழுத வந்துச்சுன்னா எங்கள முன்னுக்குப் போகச் சொல்லிருவா. அட்டையப் பத்தி எழுதுன அன்னிக்கு மழை. நிக்க முடியல. அதான் நாலு வரி” என்றார் சிவப்புக் குடை.

மூத்தவர் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். “ஐயா கேட்ட பதினஞ்சு வரிக்குப் பதினஞ்சு பேரு முன்னுக்கு நிக்கணும். எங்க கேங்குல மொத்தமே பதினொரு பேரு. இவ கடைசியில நின்னாலும் பத்துதான். ஆளுக்கு நாங்க எங்க போறது? தொரைகிட்ட கேக்கவா?”

கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஏழாம் நம்பர் மலையின் ஐம்பத்தேழு பதிவுகளுக்கும் வரிக் கணக்கு என்னிடம் இருந்தது. நான்கு, ஏழு, ஒன்பது, ஆறு, பத்து. பத்தைத் தாண்டிய ஒன்றுகூட இல்லை. பத்து வரிப் பதிவுகள் மட்டும் ஆறு. அந்த ஆறு நாளும் பத்துப் பேருக்குப் பின்னால், கூடையின் பாரத்தோடு, கடைசியாக நின்றிருக்கிறார். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஒப்பரேஷன் செய்த கண்ணா மற்றதா என்று தெரியவில்லை.

“அழாதீங்கய்யா. அரைப் பேருக்கெல்லாம் அழுதா மலையில வேலை பாக்க முடியாது” என்றார் சிவப்புக் குடை. கடையே சிரித்தது.

“நீங்க என்னை மன்னிக்கணும். முழுப் பேர் போட்டுடுறேன்” என்றேன்.

“வேணாம்” என்றார் எழுதுகிறவர். “பேரே போடாதீங்க. யாருக்குமே. வாசிச்சுட்டு, சிரிச்சா சிரிச்சேன்னு எழுதுங்க. போதும்.”

அங்கேயே, அவர்கள் கண் முன்னால், நாற்பத்துமூன்று பேருக்கும் நான் போட்டிருந்த பேர்களை ஒவ்வொன்றாகச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். வெட்டி முடிக்கும்வரை அவர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டு மற்ற வகைகளைப் பற்றிக் கேட்டார்கள். பனிமூட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னதும் மூத்தவர், “எங்க அண்ணன் மகன் ஒருத்தன் அதுல இருப்பான். இங்க இருந்தப்ப பனியத் திட்டிக்கிட்டே இருந்தான்” என்றார். மன்னிப்புக்காரர்களுக்கு மிகவும் சிரித்தார்கள். உப்பு அளவு சொல்லாத பண்டாரவளை அம்மாவுக்கு மட்டும் நால்வரும் பரிந்து பேசினார்கள். “உப்ப எண்ணியா போடுவாங்க?” என்றார் சிவப்புக் குடை.

பஸ் வந்ததும் எழுந்தேன். “இனி எழுதுவீங்கதானே?” என்று கேட்டேன். எழுதுகிறவர் பையில் சீனியையும் பருப்பையும் சரிபார்த்துக்கொண்டே, “பாப்போம்” என்றார். அதை வைத்துக்கொண்டு பதுளை வரும்வரை கவலைப்பட்டேன். திங்கட்கிழமையும் கவலைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏழாம் நம்பர் மலையில் பத்து வரி இருந்தது.

“கிளாக்கர்மார் வகைகள்.
முதலாம் வகை, தலையைத் தூக்காமல் பெயர் கேட்பவர்.
இரண்டாம் வகை, தலையைத் தூக்கிவிட்டு மறுபடியும் பெயர் கேட்பவர்.
மூன்றாம் வகை, காதில் பேனையை வைத்துவிட்டு அதையே தேடுபவர்.
நான்காம் வகை, மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு மழை எங்கே என்பவர்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரைப் பார்த்தோம்.
பஸ் ஏறி வந்து, மன்னிப்புக் கேட்டு, எங்கள் வடைக்கும் காசு கொடுத்தார்.
பேசும்போது ஒவ்வொரு ‘நீங்க’வுக்கும் முன்னால் மூச்சு வாங்கினார்.
இந்த மாதிரி ஒருவரைத்தான் இதுவரை கண்டிருக்கிறோம்.
ஆகவே இதை வகை என்று சொல்ல முடியாது.”

மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி உரக்க வாசித்தாள். பிறகு தங்கச்சிக்குப் போன் எடுத்து இன்னொரு முறை வாசித்தாள். மூன்றாம் வகையைக் கேட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். போனைத் திருப்பித் தரும்படி நான்கு முறை கேட்டுவிட்டேன். அந்தப் பதிவின் கீழே “சிரித்தேன்” என்று எழுத வேண்டியிருந்தது.