பிரேக் மாஸ்டர் வீட்டுப் பவளம்

வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, நீல நிறக் கையுறையை மாட்டி, தொட்டிக்குள் கையை விட்டு அந்தப் பவளத் துண்டை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைக்கிறார் மாஸ்டர். பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். "ம்ஹூம்." கை மறுபடி உள்ளே போகிறது. இப்போது ஒரு விரற்கடை வலப்பக்கம். "வெளிச்சம் இப்ப சரியா விழுது, இல்லக்கா?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்.

எங்கள் பக்கத்தில் அவரை பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். ஓட்டுநர் பயிற்சி தருகிறவர். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவருக்கு நாற்பது வயதிருக்கும், எனக்கு ஐம்பத்து மூன்று. ஆகவே நான் அக்கா, அவர் மாஸ்டர். "நல்லா ஓட்டினீங்க" என்று வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. அவர் பாராட்டெல்லாம் காலில்தான். கொஞ்சம் தேறினால் பாதம் பிரேக்கிலிருந்து ஓர் அங்குலம் பின்னால் போகும். நன்றாகத் தேறினால் சீட்டுக்கு அடியில் போய்விடும். அபூர்வமாக யாரோ ஓரிருவருக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்காருவாராம். எனக்கு இருபத்திரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. அவர் பாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டில் அவர் வேறு ஆள். முன்னறையில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் நாலடி நீள உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. டிவியோ நடைபாதையில், செருப்பு அலமாரியின் மேல். "எங்க வீட்ல நியூஸ் பாக்கணும்னா நின்னுக்கிட்டுதான் பாக்கணும்" என்பார் அவர் மனைவி. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மாஸ்டர் தண்ணீரின் உப்பை அளந்துவிடுவார். கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய், அதன் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். வாரம் இரண்டு முறை சின்னப் புட்டியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். அப்போது வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

அந்தத் துண்டு வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. ஒருநாள் வகுப்பில் என்னைப் பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னார். உள்ளே போனவர் ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பை நிறைய தண்ணீர், அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல், கல்லின் மேல் ஏழு பொத்தான். பச்சை நடு, ஆரஞ்சு விளிம்பு, சுற்றிலும் இமை மயிராட்டம் ஏதோ அசைகிறது. பொத்தான் பவளமாம். உயிருள்ள பொத்தானை நான் அன்றுதான் பார்த்தேன். "அக்கா, இன்னிக்கு ரிவர்ஸ் வேணாம், மேடு பள்ளம் வேணாம். மடியில குழந்தை இருக்கு" என்றார். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஓட்டினேன். சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு இரண்டு தண்ணீரின் சூட்டையும் ஒன்றாக்கினார். பிறகு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைத் துளித் துளியாக அதன்மேல் இறக்கினார். அடுத்தது ஒரு மருந்துக் குளியல். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு புழு நெளிந்து வெளியே வந்தது. "பாத்தீங்களாக்கா திருட்டுப் பயலை! இவன் மட்டும் உள்ள போயிருந்தா என் தொட்டியே காலி" என்று ஒரு குதி குதித்தார். விளக்கைப் பாதியாகக் குறைத்து, துண்டைத் தொட்டியின் அடியில், நீரோட்டம் நேராக மோதாத மூலையில் வைத்தார். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு சும்மா இருப்பதுதான் மனிதருக்கு வரவில்லை.

உப்புத்தண்ணீர்த் தொட்டிக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் கிடைத்தால் அதில் ஒரு துண்டை உடைத்து நண்பருக்குக் கொடுத்து வைப்பார்கள். நம்முடையது போய்விட்டால் நண்பரிடம் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டாக்டரம்மா கொடுத்ததும் அப்படித்தான். கொடுத்த நாலாம் நாள் அவருடைய தொட்டியின் சூடேற்றி நிற்காமல் ஓடித் தண்ணீர் கொதிக்காத குறை. ஒன்பது வருடப் பவளம் அத்தனையும் போச்சு. போனில் அழாமல்தான் பேசினார், ஆனால் குரல் சரியில்லை. "மாஸ்டர், பல் பிடுங்க வர்ற பிள்ளைங்க அதைப் பாத்துதான் அழுகையை நிறுத்துவாங்க. இனிமே உங்ககிட்ட இருக்கறதுதான் எனக்கு மிச்சம். தொட்டியைக் கழுவித் திரும்ப ஓட்டிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். நல்லா இருக்கா?"

விரிந்திருக்க வேண்டிய ஏழு பொத்தானும் அப்போது இறுக மூடிக்கிடந்தன. "சூப்பரா இருக்கு டாக்டர்!" என்று மாஸ்டர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன நிமிடத்திலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று மேலே வைத்தார். அதிகமோ என்று கீழே வைத்தார். ஓட்டம் பிடிக்கவில்லையோ என்று மூலை மாற்றினார். இந்தப் பவளத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, விஷம் உண்டு என்று கையுறைப் பெட்டி ஒன்றை டாக்டரம்மாதான் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டி பாதி காலி.

நான் முதலில் சொன்ன காட்சிக்கு நடுவே அவர் மனைவி வேலையிலிருந்து வந்தார். கூரியர் ஆபீஸில் பார்சல் கட்டும் பிரிவு. கைப்பையைக்கூட இறக்கவில்லை, செல்போனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். தினமும் காலையில் தொட்டியைப் படம் எடுத்து வைத்திருக்கிறார், சத்தமில்லாமல்.

"பாருங்க. பதினோரு நாள், பதினோரு வீடு. என்னையும் இப்படித் தினம் ஒரு வீட்டுக்கு மாத்தினா நானும் கதவைச் சாத்திக்கிட்டுதான் உக்காருவேன்."

"இல்லம்மா, வெளிச்சம்..."

"வெளிச்சமும் வேணாம், வெங்காயமும் வேணாம். கையை எடுங்க!"

கைப்பையிலிருந்து பழுப்பு நிற டேப் வந்தது. தொட்டியின் வலை மூடியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். மீனுக்குத் தீனி போடவும், வற்றின அளவுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒரு மூலையில் மட்டும் நாலு விரல் இடம் விட்டார். பாதி டேப்பிலும் பாதி மூடியிலும் விழுகிற மாதிரி கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். "பிரிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். ஆபீஸ்ல இதுதான் என் வேலை." மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் கையிலிருந்த டீயைப் பார்த்தேன்.

அடுத்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே! தொட்டிக்குள் போக முடியாத கையின் நமைச்சலெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. பூனை தெருவோரம் படுத்திருந்தால் பிரேக். நான் கண்ணாடி பார்த்தால் பிரேக். ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாஸ்டர், பிரேக்கை நீங்களே வச்சுக்கிட்டா நான் எப்பதான் ஓட்டறது?" என்று கேட்டேவிட்டேன். குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, "அவளும் இதையேதான்கா சொல்றா" என்றார்.

ஒட்டிய நாலாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன். "அக்கா! ஒண்ணு கண்ணைத் திறந்திடுச்சுக்கா!" வாயெல்லாம் பற்பசை நுரையோடு நானும் "ஆ!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். ஆறாம் நாள் நாலு. ஏழாம் நாள் அத்தனையும் திரும்ப மூடிக்கொண்டன. ஒரு நத்தை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டர் டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தார் என்று மனைவி சொன்னார், வைக்கவில்லை என்று மாஸ்டர் சொன்னார். "நத்தை போகும், அது திறக்கும். நீங்க போனாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்று அவரை வகுப்புக்கு விரட்டியிருக்கிறார். சாயங்காலம் நத்தையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். பதினோரு நாள் மூடியே கிடந்துச்சு. நான்தான் சும்மா இருக்காம நோண்டிட்டேன். என்னைத் திட்டிடுங்க." டாக்டரம்மா பல் பார்க்கும்போது போடுகிற, பூதக்கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். தொட்டி முன்னால் மண்டியிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அவர் பின்னால் நின்றோம். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"மேல் வரிசை நாலும் திறந்திருக்கு. ஆரோக்கியம்" என்றார் டாக்டரம்மா, வாய்க்குள் பார்க்கிற அதே குரலில். "கீழ் வரிசை மூணும் அப்படியே. ஒண்ணு கொஞ்சம் மெலிஞ்சிருக்கு, தேறிடும்." கண்ணாடியோடு இன்னும் நெருங்கினார். "இரு இரு. இது என்ன? மாஸ்டர்! புதுசா ஒண்ணு முளைக்குது!"

கடுகளவில், கல்லோடு ஒட்டிக்கொண்டு, பச்சைப் புள்ளியாக எட்டாவது பொத்தான்! மாஸ்டர் மனைவி என் கையைப் பிடித்து உலுக்கின உலுக்கலில் வளையல் நெளிந்துவிட்டது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப உடைக்க வேணாம். பதினஞ்சாகட்டும், பாதி வாங்கிக்கிறேன். எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார்.

மாஸ்டர் மனைவி போய் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தார். "சரி, தண்டனை முடிஞ்சுது. கை வைக்கணும்னா வைங்க."

அவர் கை தானாகவே சட்டை மடிப்புக்குப் போயிற்று. ஒரு சுற்றுச் சுருட்டியது. நின்றது. திறந்த மூடியை ஒரு முறை பார்த்தார், அடியில் இருந்த அந்தக் கல்லை ஒரு முறை பார்த்தார். பிறகு வீட்டுச் செருப்பை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.