வாசலில் ஒரு வாய்

கரைவலை போடும் இடத்துக்காக வந்த சண்டையில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து என் கணவர் திருகோணமலைச் சிறையில், விளக்க மறியலில் இருக்கிறார். வழக்குத் தவணை மேல் தவணையாகப் போகிறது. உப்புவெளியிலிருந்து நான் சாப்பாடு கொண்டுபோவேன். கொண்டுபோகிறவர் வாசலில், காவலருக்கு முன்னால், அதில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. என் புருஷனுக்கு நானே நஞ்சு வைப்பேனா? சோற்றையும் சூடை மீன் குழம்பையும் பிசைந்து, ஒருவரையும் பாராமல் விழுங்கிவிட்டுப் பாத்திரத்தை நீட்டுவேன்.

ஒருநாள் கம்பிக்கு அப்பால் நின்று அவர் கேட்டார்.

“சாப்பிட்டனீரோ?”

“ஓம், வடிவாச் சாப்பிட்டனான்.”

“பொய் சொல்லாதையும். நான் கடலால வராமல் நீர் ஒருநாளும் தனியச் சாப்பிட்டதில்லை. வாசல்ல சாப்பிடுற அந்த ஒரு வாயைத்தான் நான் நம்புறன். உள்ளுக்க யன்னலால வாசல் தெரியும். அதைப் பாத்திட்டுத்தான் நானும் சாப்பிடுறனான்.”

இவ்வளவு நாளும் அவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

போன கிழமை காவலர் சிரித்தபடி சொன்னார். “உங்களை எங்களுக்குத் தெரியும்தானே அக்கா. இனிச் சாப்பிட்டுக் காட்டத் தேவையில்லை.”

“இல்லைத் தம்பி, நான் சாப்பிடுறன்” என்றேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த யன்னல் வெறும் இருட்டு. இருந்தும் அதன் பக்கம் திரும்பி நின்று, ஆறுதலாக, நேரமெடுத்து மென்றேன். அந்த ஒரு வாயை விழுங்கி முடிக்கத்தான் மனம் வரவில்லை.