மதகடித் திருப்பம்

மாமாவைக் கொன்றது அத்தையின் ஜாதகம் என்று ஊர் சொன்னது. பிரேக் என்று அத்தை சொன்னாள். அந்த வழக்கு ஊரறியத் தீர்ந்த நாளில் நான் மதகுக்குப் பக்கத்தில் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. மாமா திருவையாற்றுப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆனால் நெல்லில் அவருக்கு நாட்டமில்லை. அவர் உயிரெல்லாம் ஒரு சீமைக் காரில் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. தரையோடு தரையாக ஓடும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் மெட்ராஸில் விற்றுவிட்டுப் போனது. அதை எடுத்துக்கொண்டு மாமா பந்தயங்களுக்குப் போய் வருவார். கல்யாணமான புதிதில் அத்தைக்கும் அதில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதைப் பற்றி இரண்டு குடும்பங்களிலும் பேச்சு இருந்தது.

ஓர் ஐப்பசி மழையில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தையை அழைத்துப் போக மாமா வந்தார். ஊருக்குள் நுழையும் முன் மதகடியில் ரோடு சட்டென்று இடதுபக்கம் திரும்பும். கார் திரும்பவில்லை. நேராக வாய்க்காலில் இறங்கிவிட்டது.

காரியம் முடிந்ததும் மாமா வீட்டார் காரும் வேண்டாம், அத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் நாங்கள் வைத்துக்கொண்டோம். அத்தை பின்கட்டு அறையில் இருந்தாள். கார் களத்துக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

என் அப்பா கட்சிக்காரர். கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு கரைவேட்டியைத் தவிர வேறு வேட்டி கட்டியதில்லை. ராகுகாலம், ஜாதகம், சகுனம் எல்லாவற்றையும் மேடையில் பிரித்து மேய்ந்துவிடுவார். அதே அப்பா விதை விடும் நாளன்று காலையில், அத்தையைக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கச் சொல்லும்படி என் அம்மாவை அனுப்புவார். ஒருநாள் அத்தை வாசலுக்கே வந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"மேடையில பேசுறதை இங்க ஒருவாட்டி பேசுங்கண்ணே. கேப்போம்."

கட்சி வேறு, குடும்பம் வேறு என்று அப்பா முணுமுணுத்தபடி வயலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அத்தை அந்த ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். குடையை எடுத்துக்கொண்டு மதகு வரை போவாள், நிற்பாள், திரும்பி வருவாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மா பயந்தாள். புத்தி நன்றாகத்தான் இருந்தது. திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம் உண்டு. வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த பக்க வயலுக்கு ஓடும். அத்தை அதைப் பார்த்துவிட்டு வந்து, கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் பாயை வரவழைத்தாள். மாமாவின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். காரைத் தொடவே மனமில்லாமல் கொட்டகை வாசலில் நின்றார்.

"தண்ணியில எறங்கி ஏறினா பிரேக் டிரம்முக்குள்ள தண்ணி பூந்துடும்ல பாய்? அப்பறம் மிதிச்சா வழுக்கும், பிடிக்காது" என்றாள் அத்தை.

பாய் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இருந்தாலும் அவர் கொஞ்சம் வேகத்தைக் குறைச்சிருக்கலாம்மா."

"குறைக்கத்தானே பாய் மிதிச்சாரு?"

பாய் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் போனார்.

அப்பா காரைக் காயலான் கடைக்குப் போட ஆள் பேசி வைத்திருந்தார். ஆனால் அந்தச் சமயத்தில் அவருக்கு வேறொரு தொல்லை. நில உச்சவரம்புச் சட்டம் இறங்கியிருந்தது. சட்டம் கொண்டுவந்தது அவருடைய கட்சி. தப்ப வேண்டியது அவருடைய வயல். ஆற்றோரத்து நிலத்தை முன்பே அத்தை பெயருக்கு மாற்றியிருந்தார். இப்போது தாலுகா ஆபீசில் அத்தை வந்து, அது என் நிலம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தை தாராளமாக வருகிறேன் என்றாள். "என் நிலம்னா அதுல வெளையிற நெல்லும் என்னோடதுதான். காரும் என்னோடது. சரின்னா சொல்லுங்க, இப்பவே கெளம்புறேன்."

அப்பா சரி என்று சொல்லவில்லை. வண்டி கட்டச் சொன்னார்.

ஆற்றோரத்து நெல் அந்த வருடம் பிரேக்காக மாறியது. மெட்ராஸில் பந்தயத்தில் அடிபட்ட ஒரு காரிலிருந்து டிஸ்க் பிரேக் கழற்றி ரயிலில் வந்தது. மூடிய டிரம்முக்குப் பதில் திறந்த இரும்புத் தட்டு. சுற்றும்போதே தண்ணீரை உதறிவிடும், இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடிக்கும். எங்கள் காருக்கு அது பொருந்தவில்லை. பாய் லேத்துப் பட்டறையில் தாங்கிகள் செய்துகொண்டு வந்தார். அத்தை அதோடு விடவில்லை. நின்றால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும் என்றாள். இறுக்கமான ஸ்பிரிங், புது டயர், திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க முன்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரு கனத்த எஃகுக் கம்பி. முற்றத்தில் இட்லி மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடமும் என்னிடமும் அவள் அந்தக் கம்பியைப் பற்றியே பேசினாள். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது பெடலை மிதிக்க எனக்கு எட்டவில்லை. அத்தையே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். மிதிங்க, பிடிங்க, விடுங்க என்று அடியிலிருந்து பாயின் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிரம்பி, பள்ளத்தில் வழிந்தது. அத்தை அதற்காகத்தான் காத்திருந்தாள்.

நடவுக்கு ஆள் இறங்காத நேரம் அது. கூலி உயர்த்தச் சொல்லி வரப்பெல்லாம் சிவப்புக்கொடி நட்டிருந்தார்கள். வேலையை நிறுத்திவிட்டு ஆணும் பெண்ணுமாக வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு பேச்சுவார்த்தைக்கு வந்த அப்பா, என்னையும் கூட்டி வந்திருந்தார். அப்போதுதான் தூரத்தில் கார் சத்தம் கேட்டது. அப்பா ரோட்டின் நடுவே போய் நின்று கையை ஆட்டினார். கார் மெதுவாக வந்து அவரெதிரே நின்றது.

"எனக்கு ஒரே தங்கச்சி. நீயும் இங்கயே போகணுமா?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"ஜாதகம்னா நீங்க மறிச்சாலும் போயிடுவேன். பிரேக்குன்னா மறிக்காட்டியும் வந்துடுவேன். வழி விடுங்கண்ணே."

கரையிலிருந்த ஒரு நடவுக்காரம்மா, "விடுங்கய்யா, அவங்க பாத்துக்குவாங்க" என்றாள். அப்பா வழிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார் பின்னால் வெகுதூரம் போய்த் திரும்பியது. பிறகு வந்தது. மாமா வரும் வேகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதே வேகம். பள்ளத்தில் இறங்கியபோது தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழுந்து காரை மறைத்தது. சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததும் கார் மூக்கைத் தாழ்த்தியது. யாரோ பிடித்து இழுத்ததுபோல வேகம் அடங்கியது. சாயாமல், வழுக்காமல், ரோட்டோடு ஒட்டிக்கொண்டு இடதுபக்கம் திரும்பி, மதகைத் தாண்டி நின்றது.

கரையில் எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். அத்தை தலையிலிருந்து தண்ணீர் சொட்ட இறங்கி வந்தாள்.

"ஜாதகத்துல ஒண்ணும் இல்லண்ணே. டிரம்முலதான் தண்ணி."

ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அத்தை மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். மாமாவைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. நடவுக்காரம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். யாரும் தேற்றவில்லை. அழுது முடித்து, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறச் சொன்னாள்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நிற்க, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"அப்ப ஏன் அத்தை அழுதீங்க?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நின்னுடுச்சேடி."

நின்றது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு, வாசல்களில் நின்றவர்களுக்கெல்லாம் நான் கையாட்டிக்கொண்டே போனேன். மாமா வந்த அன்றைக்கும் அது நின்றிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.