கேபிள் நுழைந்த சந்து

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு வரும் வீதியில் எங்கள் வீடு. தூசிக்குப் பயந்து வாசல் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்தோம்; தெருச் சத்தமும் உள்ளே வராமல் நின்றுபோனது. மாவுக்கட்டுக் காலோடு இருந்த என் மனைவிக்குப் பொழுதுபோக டிவியையும் அங்கே வைத்து, தெருவுக்கு முதுகு காட்டி அவள் நாற்காலியைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் புறப்பாடு. "இந்த வருஷம் சேவிக்கக் கிடைக்குமோ?" என்று தவித்தாள்.

"கவலைப்படாதே. பெருமாள் கிளம்பறது டிவியில நேரலையா தெரியும். உடனே உன்னைத் திருப்பிடறேன்."

கேபிள்காரர் ஒயரை வெளிச்சுவரில் தொங்கவிட்டுப் போயிருந்தார். அதை உள்ளே இழுக்க, தெருவைப் பார்க்காமல் ஒயரிலேயே கண்ணாகக் குனிந்து, கண்ணாடியை விரலளவு நகர்த்தினேன். அந்தச் சந்தில் நாகஸ்வரம் வெள்ளமாய்ப் பாய்ந்தது!

"ஏன்னா, பெருமாள் வாசலுக்கே வந்துட்டார்! டிவி வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லப்போறேளா?"

நாற்காலியோடு அவளைத் திருப்பினேன். குடை அசைய, தீவட்டி ஒளியில், பெருமாள் எங்கள் வாசலைக் கடந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான். கைகூப்பியபடியே அவள் சிரித்தாள், அழுதாள். ஒயரும் கையுமாக நானும் கும்பிட்டேன்.

இப்போது டிவி தெருப்பக்கம் இருக்கிறது. அதைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெருவும் தெரியும். புறப்பாட்டு நாளில் முதலில் கண்ணாடியைத் திறக்கிறேன், ரிமோட் அப்புறம்தான். கேபிள் நுழைந்த அந்தச் சந்தை மட்டும் இன்னும் அடைக்கவில்லை.